கயிறு பிடிப்பவர்

காரைக்கால் கடலுக்குள் எதையும் பார்க்க முடியாது. மழைக்காலத்தில் செம்மண் கரைத்தது போலவும் கோடையில் சாம்பல் பூத்த பச்சையாகவும் அது கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் சொந்தக் கால் தெரியாது. அரசலாறு, திருமலைராயனாறு, நண்டலாறு என்று பெயர் மாறிப் பெயர் மாறி வந்து சேரும் காவிரி, குடகிலிருந்து சுமந்து வந்ததில் மிச்சமிருக்கும் வண்டலை இங்கேதான் இறக்கிவைக்கிறது. நெல்லுக்கு அது வரம், பவளத்துக்குச் சாவு. பவளப் பூச்சியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வாங்கி உணவாக்கி அதற்குக் கொடுக்கிறது. தண்ணீர் கலங்கினால் வெயில் இறங்காது. வண்டல் படிந்தால் பூச்சி மூச்சு முட்டிச் சாகும். எனவே கொள்ளிடத்து முகத்திலிருந்து தெற்கே கோடியக்கரை வரை, டெல்டாவின் கடலோரம் முழுவதும் அதைத் தேடிப் பயனில்லை.

இப்படிப்பட்ட கரையில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது மேலிருந்து படிக்கும் விஷயம். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இருக்கும் மீனவர்கள் தண்ணீரின் நிறத்தையும் அலையின் இடைவெளியையும் காற்றின் திசையையும் பறவை இறங்கும் இடத்தையும் பார்த்து அடியில் நடப்பதைச் சொல்வார்கள். உள்ளே முகத்தை வைத்துப் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கே கிடையாது. ஊருக்குள் வாழும் எங்களுக்கு அந்தப் படிப்பும் இல்லை. வருஷத்தில் ஒருநாள், மாசி மகத்தன்று, திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது கூடவே போய்த் தலை நனைப்போம். மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கொண்டாடித் தோள்கொடுத்துத் தூக்கிவருவார்கள். அவர்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவராம். கடவுளே ஆனாலும் கடலுக்கு வரும்போது உறவுமுறை சொல்லிக்கொண்டு வருவது நல்லது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த ஒருநாள் குளியலுக்கும் வராமல் நின்றுவிட்டவர்கள் உண்டு.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தீவில் ஸ்நார்க்லிங் அழைத்துப்போகும் படகுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தங்கை மகன் குடும்பம் பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரைக்காலில் இது சாதாரணம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ‘சொல்தா’, அதனால் நேஷனாலிட்டி, அதனால் பென்ஷன், அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அங்கே. பிரான்சில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். “மாமா, பிள்ளைங்களுக்கு மீன் பாக்கணும். தண்ணிக்குள்ள. நீங்களே ஒரு எடம் பாத்து வைங்க” என்று போனில் சொன்னான். மீன் பார்ப்பதற்குக் காரைக்கால் மீன் மார்க்கெட்டே போதும் என்று நான் சொன்ன பதில் எடுபடவில்லை.

மாதத்தைச் சொன்னதும் பாதி முடிவு தானாகவே ஆகிவிட்டது. சுற்றுலாக் கம்பெனிகள் முதலில் விற்பது தீவின் பெயரைத்தான். ஆனால் கடலில் மாதம்தான் முதலில் வரும், இடம் அதற்குப் பின்னால். அந்தமானில் தெளிவான நாட்கள் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை அங்கே படகுகளைக் கட்டிப்போட்டுவிடும். லட்சத்தீவுக்கும் அதே காற்றுதான். அனுமதிச் சீட்டு வேறு வாங்க வேண்டும். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே மூச்சுக்குழலோடு மிதந்த படம் வந்த பிறகு, எல்லோருக்கும் திடீரென்று அந்தத் தீவுகளின் பெயர் தெரிந்துபோனது. ஆனால் படம் எடுத்த மாதத்தை யாரும் கவனிக்கவில்லை.

தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் கரைகள் இரண்டு கிட்டத்தில் இருக்கின்றன. ஒன்று பாக் நீரிணை. ராமநாதபுரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆடிக் காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும்போது மறுபக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசையில் வனத்துறை, ஊர்க்காரர்களைக் கொண்டே துடுப்புப் படகும் ஸ்நார்க்லிங்கும் நடத்துகிறது. காரைக்காலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ராமேஸ்வரம் ஏற்கெனவே போய்வந்தாயிற்று என்று குடும்பம் அதைத் தள்ளிவிட்டது. கோயிலுக்குப் போன வழியில் இன்னொரு தடவை போனால் அது சுற்றுலா ஆகாதாம்.

இரண்டாவது, இலங்கையின் கிழக்குக் கரை. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் தெளிந்து கிடக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இரண்டு பாறைத்தீவுகள், பெரிய புறாத்தீவும் சின்னப் புறாத்தீவும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை அங்கே குண்டு சுட்டுப் பழகியது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். முழங்கால் ஆழத்திலேயே பவளம் தொடங்கிவிடும், கறுப்புமுனைத் துடுப்புள்ள சிறு சுறாக்கள் கரையை ஒட்டியே திரியும், ஆமை வரும். போகும் வழியோ எங்கள் வாசலிலிருந்தே தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. சில நாட்களிலேயே பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-இல் ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதலில் காரைக்கால் துறைமுகத்திலிருந்துதான் விடப்போவதாகப் பேச்சு இருந்தது. கடைசியில் தெற்கே நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் எங்கள் ஊர் டீக்கடைகளில் இன்னும் ஆறவில்லை.

மருமகன் வேறொரு புறாத்தீவை ஏற்கெனவே பார்த்திருக்கிறான். கரீபியத் தீவான குவாதலூப்பில், மலாந்தூர் கடற்கரைக்கு எதிரே இருக்கும் இரண்டு சிறு தீவுகளுக்கும் புறாவின் பெயர்தான். அவற்றைச் சுற்றியுள்ள கடலை குஸ்தோ காப்பகம் என்பார்கள். தண்ணீருக்கடியில் மூச்சு விடும் கருவியை 1943-இல் எமில் காஞ்ஞானோடு சேர்ந்து உருவாக்கிய ழாக் குஸ்தோவின் பெயர். அவருடைய படம் 1956-இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. கடலடியின் அழகைக் கோடிப்பேருக்குக் காட்டிய அதே படத்தில்தான், மீன்களை எண்ணுவதற்காகப் பவளத்திட்டு ஒன்றை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியும் சுறாக்களை அடித்துக் கொல்லும் காட்சியும் வருகின்றன. பின்னாளில் கடலைக் காப்பாற்றச் சொல்லி உலகமெங்கும் போனவரும் அவரே. வெடியிலிருந்து ‘வேண்டாம்’ வரைக்கும் வந்து சேர அந்த மனிதருக்கு ஆயுளில் பெரும்பகுதி ஆகியிருக்கிறது.

குவாதலூப்புக்கு எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் மீன் பார்க்கப் போகவில்லை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட 1860, 1861 ஒப்பந்தங்களுக்குப் பிறகு, பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களிலிருந்தும் ஆள் பிடிக்கலாம் என்றானது. புதுச்சேரியைப் போலவே காரைக்காலும் ஆள் ஏற்றும் துறையானது. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். ரீயூனியன் தீவுக்கு அதைவிட அதிகம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாதம். ஐந்து வருஷம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று காகிதத்தில் இருந்தது, திரும்பாதவர்களே அதிகம். ஆள்பிடித்தவர்களும் வழிகாட்டிகள்தாம். அவர்களும் தீவின் அழகைச் சொல்லித்தான் ஆள் சேர்த்திருப்பார்கள். ஒருவரும் ‘போகாதே’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனிடமிருந்து அந்த வார்த்தை எப்படி வரும்?

என்னிடம் இருந்த கேள்வி இந்த இடத்தில்தான் தெளிவானது. எந்தத் தீவு, எந்தப் படகு, தலைக்கு எவ்வளவு, காணொளி எடுத்துத் தருவார்களா என்பதெல்லாம் அப்புறம். தேவைப்படும்போது நம்மை மறுக்கத் தெரிந்தவர் யார், அந்த மறுப்பால் வரும் நட்டத்தைத் தாங்கக்கூடியவர் யார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

தமிழ்க் கடலில் இதற்கு நெடிய முன்வரலாறு இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு நிமிடம், பழகியவர்கள் அதற்கும் சற்று மேல். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்த கணத்தில் இழுக்க வேண்டும். அவர் கண் அயர்ந்தால் கீழே உள்ளவர் முடிந்தார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு கூடும், மைத்துனனுக்கோ அக்காளின் தாலி போய்விடும் என்பது கணக்கு. கதையோ உண்மையோ, அதில் உள்ள அறிவு கூர்மையானது. நல்லவனைத் தேடு என்று அது சொல்லவில்லை. நீ செத்தால் யாருக்கு நட்டமோ அவன் கையில் கயிற்றைக் கொடு என்கிறது. கயிறு பிடிக்கும் அந்த மைத்துனன் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.

இன்னொருவரும் அங்கே இருந்தார்: கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் வந்து நின்று மந்திரம் சொல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். இலங்கையின் முத்துச் சலாபங்களில் ஆங்கிலேய அரசே சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது. மூடநம்பிக்கை என்று எழுதிவைத்துக்கொண்டே சம்பளத்தையும் எழுதினார்கள், ஏனென்றால் அவர் இல்லாவிட்டால் சலாபம் நடக்காது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. கடல்கட்டியின் இடத்துக்கு இன்று வந்திருப்பது, படகில் ஏறுமுன் நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாள். எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல, எனக்கு இதயநோய் இல்லை, என் சம்மதத்தோடுதான் இறங்குகிறேன் என்று அதில் இருக்கும். மந்திரம் குளிப்பவருக்குத் தைரியம் கொடுத்தது. இந்தத் தாள் படகுக்காரருக்குத் தைரியம் கொடுக்கிறது.

ஸ்நார்க்லிங் ஆபத்தில்லாத விளையாட்டு என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ஆழத்துக்குப் போவதில்லை, மிதந்துகொண்டே முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குழாய் வழியாக மூச்சு விடுவதுதானே. ஹவாயில் கடலில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் பலர் அந்த நேரத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தவர்கள். யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். நீந்துகிறவர் தத்தளித்தால் கரைக்குத் தெரியும். கையை அடிப்பார், தலை எழும், விழும். மூச்சுக்குழலோடு மிதப்பவர் மயங்கினாலும் முகம் கீழே, உடல் மேலே, அசைவில்லை. மீனை ரசிப்பவரும் அதே கோலத்தில்தான் இருப்பார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் வழிகாட்டிக்குக் கூலி. அவர் கையில் கேமரா இருந்தால் அவர் உங்களைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கிறார். ஒருவர் பத்துப்பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினால் அவர் யாரையும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சங்கடம். ஆற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள் கடலிலும் நீந்திவிடுவோம் என்று நம்புகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டை அவமானமாக நினைக்கும் ஆண்கள் நம் குடும்பங்களில் கட்டாயம் ஒருவராவது உண்டு. நல்ல வழிகாட்டி அந்த மாமாவைக் கரையில் உட்காரவைப்பார். மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று, வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லிப் பார்ப்பார். விழாமல் ஒட்டி நின்றால் சரி. மீசை இருந்தால் சந்து வழியாகத் தண்ணீர் வரும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாயால் மூச்சு விடப் பழக்காமல் ஆழத்துக்குக் கூட்டிப்போகிறவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் போகக் கூடாது.

2010-இல் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், நீல்ஸ் கோவ் பகுதியில், ஸ்நார்க்லிங் போன அமெரிக்கப் பெண் ஒருவரை உப்புநீர் முதலை கொன்றது. அதற்குப் பிறகு அங்கே எச்சரிக்கைப் பலகைகள் வந்தன. ரீயூனியனில் 2011-க்குப் பின் சுறாத் தாக்குதல்கள் பெருகின. 2013-இல் பவளத்திட்டு அணைத்து நிற்கும் உப்பங்கழிகளையும் காவலர் இருக்கும் இடங்களையும் தவிர மற்ற இடங்களில் குளிக்கவே தடை போட்டார்கள். அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர்கள் கொதித்தார்கள். கரையில் கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் போயிற்று என்றார்கள். மறுப்பு என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய வருமானத்தில் போய்த்தான் முட்டுகிறது.

தேர்வை இன்று நட்சத்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டோம். திருகோணமலை என்று தட்டினால் படகுக்காரர்கள் வரிசையாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இவ்வளவு என்று மதிப்பெண். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன், பொழுதுபோக்காகவும் இருந்தது. கொழும்பிலிருந்து ஏழு மணி நேரம் வந்தோம், காற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஒரு வகை. பவளத்தின் மேல் நின்று படமெடுக்க விடவில்லை, கத்தினார் என்று ஒரு வகை. பிஸ்கட் போட்டு மீனைக் கூப்பிடச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டார் என்று இன்னொரு வகை. அழைத்துப்போனவர் நட்சத்திரம் வாங்குகிறார். மறுத்தவர் பறிகொடுக்கிறார். கிளிஞ்சல்மேட்டில் இப்படி ஒரு மதிப்பெண் முறை இருந்திருந்தால், மேகத்தைப் பார்த்து ‘இன்னக்கி வலை எறக்க வேணாம்’ என்று சொல்லும் கிழவர்கள் அத்தனை பேரும் தோற்றுப்போயிருப்பார்கள். அங்கே ஊர்ப் பஞ்சாயத்து போக வேண்டாம் என்றால் யாரும் போவதில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுவதற்கு முன்பே படகுகள் ஆற்றுக்குள் வந்துவிடும். போகாத நாளின் நட்டத்தை எல்லோரும் சேர்ந்து தாங்குவதால் அந்தச் சொல் அங்கே எழ முடிகிறது. தனி ஆளாகப் படகு ஓட்டி, எண்ணெய்க்கும் எஞ்சின் கடனுக்கும் அன்றன்றைக்குப் பதில் சொல்கிறவரிடம் அதே சொல்லை எதிர்பார்ப்பது, நியாயமாகப் பார்த்தால், கொஞ்சம் அதிகம்தான்.

மறுப்பைத் தனிமனிதன் தலையில் கட்டாமல் இடமே எடுத்துக்கொண்ட ஊர்களும் இருக்கின்றன. அந்தமானில் வண்டூருக்கு எதிரே மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-இலிருந்து இருக்கிறது. அங்கே ஜாலி பாய் தீவைப் பாதி வருஷம் மூடிவைத்து, அந்த நாட்களில் ரெட் ஸ்கின் தீவுக்குக் கூட்டிப்போகிறார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை ஒரு ஹாலிவுட் படம் புகழ்பெறச் செய்து, படகு நங்கூரங்களும் கால்களும் சேர்ந்து பவளத்தை நொறுக்கிய பிறகு, 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது என்றார்கள். சுறாக்கள் திரும்பியிருந்தன. ஹவாயின் ஹனௌமா விரிகுடாவில் வாரத்தில் மனிதர் இல்லாத நாட்கள் உண்டு. மற்ற நாட்களில், எதைத் தொடக் கூடாது என்று சொல்லும் படத்தைப் பார்த்த பிறகே தண்ணீருக்குள் விடுவார்கள். புறாத்தீவும் தேசியப் பூங்காதான், சீட்டு உண்டு, காவலர் உண்டு. ஆனாலும் பாறைக்கும் மணலுக்கும் நடுவில் பவளம் முழங்கால் ஆழத்தில் இருப்பதுதான் அதன் அழகும் சாபமும். நிற்க இடம் தேடும் முதல் கால் அதன் மேல்தான் விழும். கிளைவிடும் பவளமே வருஷத்துக்குச் சில அங்குலம்தான் வளரும். திட்டாகத் திரளும் வகை அதற்கும் குறைவு.

காலைக்கூடக் கட்டுப்படுத்திவிடலாம். தண்ணீரின் சூட்டை எந்தப் படகுக்காரராலும் மறுக்க முடியாது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். லட்சத்தீவும் அதில் தப்பவில்லை. பாரீஸிலிருந்து விமானம் ஏறிவந்து, வெளுத்த பவளத்தின் மேல் மிதந்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் திரும்ப விமானம் ஏறும் விசித்திரத்தை மருமகனிடம் சொன்னேன். “அதுக்காக வராம இருக்க முடியுமா மாமா? அம்மா இருக்காங்க” என்றான். தங்கை பெயரைச் சொன்ன பிறகு எனக்கு வாதம் ஓடவில்லை.

ஆகவே நட்சத்திரங்களை விட்டுவிட்டு, நிலாவெளிப் பக்கத்துப் படகுக்காரர்களுக்குப் போன் செய்து எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எந்த நாளில் நீங்கள் போகமாட்டீர்கள்? சீசனில் எல்லா நாளும் போகலாம் சார், ஆமை கேரண்டி என்றார் ஒருவர். ஆமைக்கு யார் சொல்லிவைப்பது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். இன்னொருவர் கேள்வியே புரியாமல் விலையைக் குறைத்தார். ஹோட்டல் வழியாகப் பேசியவர், போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளைப் பாராமல் ஒப்பித்தார். போகாமலிருப்பதை யார் முடிவுசெய்வார் என்று கேட்டதற்கு, கஸ்டமர்தான் என்றார். கடலைத் தெரியாதவன் கையில் கடலைப் பற்றிய முடிவைக் கொடுப்பதற்கு இவ்வளவு மரியாதையான பெயர் இருக்கிறது.

கடைசியாகப் பேசியவரின் பெயருக்கு நேரே நட்சத்திரம் குறைவுதான். என் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டார். காரைக்கால் என்றேன். மறுமுனை கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ரோலர்க்காரரோ ஐயா?”

இல்லை என்றேன். ஆனால் அந்தக் கேள்வியை நியாயமில்லை என்று தள்ள முடியாது. காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் இருந்து போகும் இழுவைப் படகுகள், அவர்கள் வாயில் ‘ரோலர்’கள், கனத்த மடியைக் கடலடியில் போட்டு, குஞ்சும் முட்டையுமாக வழித்துக்கொண்டு வருவது இலங்கையின் வடக்குக் கரைத் தமிழர்களுக்குப் பல வருஷத்துப் புண். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம்போட்டுத் தடைசெய்தது. எங்கள் பக்கத்திலும் ஆழ்கடலுக்குப் போங்கள் என்று மானியத் திட்டம் போட்டார்கள். படகுக் கடனில் இருப்பவர்கள் கிட்டத்திலிருக்கும் மீனை விட்டுவிட்டுப் போகவில்லை. வருஷத்தில் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அரசு சொன்னால் வலையை இறக்காமல் இருக்க முடிகிறது. மிச்ச நாட்களில் கடல் எல்லைக் கோட்டைத் தாண்டாமல் இருக்க முடியவில்லை. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை சுட்டதில், காரைக்கால் படகில் இருந்த மீனவர்கள் காயப்பட்டார்கள். படகில் இருந்த 13 பேரையும் பிடித்துப் போனார்கள். டெல்லி கண்டனம் தெரிவித்தது. அந்தக் கடலின் மேல்தான் இருக்கையில் சாய்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு, நாங்கள் காங்கேசன்துறைக்குப் போகப்போகிறோம். பாஸ்போர்ட் இருந்தால் விருந்தாளி; வலை இருந்தால் கைதி. எல்லை அதேதான்.

“உங்கட ஆக்கள் எங்கட கடலை வழிச்சுக்கொண்டு போயினம், நீங்கள் மிச்சத்தைப் பாக்க வாறியள்” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, கிண்டல் இருந்தது. பிறகு என் கேள்விக்கு வந்தார். காலை ஏழுக்குப் போனால் பத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் காற்று எழும், தண்ணீர் கலங்கும், தான் ஓட மாட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு சனம் அதிகம், தண்ணிக்குள் காலாகத்தான் தெரியும், அந்த நாட்களில் வர வேண்டாம். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகத்தான் இறக்குவார், மற்றவர்கள் மணலில் இருக்க வேண்டும். வெயிலுக்குப் பூசும் கிரீமைப் பூசிக்கொண்டு இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார், முழுக்கைச் சட்டை போட்டு வரட்டும். சுறாவைப் பார்த்துக் கத்தக் கூடாது. யாருக்காவது நெஞ்சுவலி, ஆஸ்துமா உண்டோ? உண்டென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

தங்கைக்கு ஆஸ்துமா என்றேன். அவவைப் படகில் ஏற்றலாம், தண்ணியில் இறக்க ஏலாது, அழுதாலும் ஏலாது என்றார். தங்கை பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதுக்கு இறங்கப்போறேன், இந்த வயசுல குழாயை வாயில வச்சிக்கிட்டு என்று முறைத்தாள். அவளுக்குக் கோணேஸ்வரம் கோயிலைப் பார்த்தால் போதும்.

முன்பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.